சாணி படிந்த 12 எண்கள்

அந்த அம்மாவின் உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எட்டு எண்கள் இருந்தன. மொத்தம் 12 இருக்க வேண்டும். மீதி நான்கும் பால் கறக்கக் கை கழுவியபோது அழிந்துவிட்டன. கன்று பிறந்து ஒன்பது நாளாகியும் அரசின் கால்நடைப் பதிவில் பதிவாகவில்லை. தாய் மாட்டின் காது வில்லை எண்ணைப் போடாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கே நகராது. "எழுதி வச்சதுதான் தம்பி. கையைக் கழுவாம மடியில கை வைக்க முடியுமா?" என்றார்.

சரி, மறுபடியும் பார்த்துவிடலாம் என்று தொழுவத்துக்குள் போனோம். பசு தலையை உதறியது. வில்லையில் காய்ந்த சாணி. துண்டால் தேய்த்ததில் ஒரு எண் எனக்கு 3 என்று தெரிந்தது. மறுபக்கம் நின்ற கால்நடை மருத்துவர் அதை 8 என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

கால்நடை வளர்ப்பவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயங்களை, அதாவது பிறப்பு, இறப்பு, விற்பனை, இடம் மாறுவது போன்றவற்றை, எளிமையாக்குவதற்காகப் போட்ட குழுவில் நான் மொழிக்காரன். கேள்விகளை ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் வேலை. என்னோடு அந்த மருத்துவர், விதிமுறைகளைப் பார்க்கும் அதிகாரி ஒருவர், மென்பொருள் எழுதும் இருவர், திரைகளை வடிவமைக்கும் பெண் ஒருவர், புள்ளிவிவரப் பிரிவிலிருந்து ஒருவர், கொட்டகை கொட்டகையாக அலைந்து பழகிய களப்பணியாளர் ஒருவர்.

முதல் இரண்டு மாதம் நாங்கள் பார்த்த வேலை வீண் என்றே சொல்வேன். அதிகாரி ஒரு பட்டியல் தருவார். நான் அதை நல்ல தமிழாக்குவேன். வடிவமைப்பாளர் அதைத் திரையில் அழகாக அடுக்குவார். மென்பொருள்காரர்கள் ஓட வைப்பார்கள். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றியே போனது. பட்டியலில் இருந்த ஒரு கேள்வியைக்கூட 'இது எதுக்கு?' என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைத்ததாகிவிடும் என்ற நாகரிகம் வேறு. 'கருவுற்ற நிலை' என்று இருந்ததை 'சினையா?' என்று மாற்றிவிட்டு எனக்கு ஒரே பெருமை. படிவம் படிப்பதற்கு எளிதாயிற்று. நிரப்புவது பழையபடி கஷ்டமாகத்தான் இருந்தது.

எட்டுப் பேரும் ஒரே வண்டியில் கிளம்பிப் போன முதல் நாள்தான் அந்த உள்ளங்கையைப் பார்த்தோம். அன்றைக்கு அலுவலகத்தில் யாருக்கும் தோன்றாத மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஈரக் கைக்குத் தொடுதிரை மசியாது. தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் கிடையாது, வாசல் வரை வந்தால்தான் ஒரு கோடு தெரியும். மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. அந்த அம்மா பாதி நிரப்பியிருந்தபோது கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிடித்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் திரை, 'நேரம் முடிந்தது, மீண்டும் நுழையவும்' என்றது. நிரப்பியது எதுவும் இல்லை. மென்பொருள் தம்பி என் பக்கம் திரும்பி, "அந்தப் பத்து நிமிஷத்தை வச்சது நான்தான் சார்" என்றார், மெதுவாக. பாதுகாப்புக்காக வைத்த வழக்கமான ஏற்பாடு. நிரப்பியது நிரப்பிய இடத்திலேயே சேமித்திருக்கும்படி அந்த வாரமே மாற்றிவிட்டார். இதே குறை மூன்று மாதமாகப் புகார்ப் பட்டியலில் எழுத்து வடிவில் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண் விஷயத்துக்கு வருகிறேன். விலங்கு அடையாளத்துக்கான ஐஎஸ்ஓ 11784 என்ற உலகத் தரத்தில் எண் 15 இலக்கம், அதில் முதல் மூன்று பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும். இந்தியாவில் மாட்டின் காதில் போடும் வில்லையில் 12 இலக்கம். பிரிட்டனில் மாட்டு எண்ணும் 12 இலக்கம்தான், ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் ஆறு மந்தைக்கு, அடுத்தது மற்ற எண்களிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்க்கும் எண், கடைசி ஐந்து அந்த மாட்டுக்கு. ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் சரிபார்க்கும் எண் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 3-ஐ 8 என்று படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்காகவே செய்த ஏற்பாடு. நாங்களும் இதையெல்லாம் விலாவாரியாகப் பேசி, வில்லையைக் கேமராவில் படம் பிடித்து எண்ணைப் படிக்கும் வசதி செய்யலாமா என்ற அளவுக்குப் போய்விட்டோம். கடைசியில் களப்பணியாளர் கேட்டார்: "அந்த அம்மாகிட்ட இருக்கிறது நாலு மாடு. நாலுல ஒண்ணைக் காட்ட எதுக்குப் பன்னிரண்டு நம்பர்?"

அவ்வளவுதான். அவர் பெயரில் ஏற்கெனவே பதிவான மாடுகளைப் பட்டியலாகக் காட்டினோம். கடைசி நான்கு எண்கள் பெரிதாக, பக்கத்தில் ஒரு படம், அவரே வைத்துக்கொள்ளும் ஒரு பெயர். அவர் 'பெரியவ' என்று தட்டினார். வேலை முடிந்தது. புதிதாக வில்லை போடும்போது மட்டும் முழு எண். அதைப் போடுவது களப்பணியாளர், காய்ந்த கையோடு, வில்லை மாட்டின் காதில் ஏறுவதற்கு முன்பே.

திரும்பி வரும்போது வண்டியில் நான் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். இத்தனை தொல்லை கொடுத்து இந்த விவரங்களை ஏன் வாங்க வேண்டும், வேண்டாமென்று விட்டுவிட்டால் என்ன என்று. மருத்துவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரியைப் பற்றிச் சொன்னார். பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியானபோது அது ஏற்கெனவே நாடு முழுக்கப் போயிருந்தது, சந்தைகள் வழியாகக் கைமாறிய ஆடுகளோடு. எந்த ஆடு எங்கிருந்து எங்கே போனது என்பதைத் தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நோயை அடக்குவதற்குள் 60 லட்சத்துக்கு மேற்பட்ட விலங்குகளைக் கொன்றார்கள். கோமாரிக் கிருமி உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். வாயில் புண் தெரிவதற்கு முன்பே அந்த மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். "அந்த ரெண்டு வாரத்துல அது யார் யார் கொட்டகைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். மாட்டோட கலர் எனக்கு வேண்டாம்" என்றார்.

முன் இருக்கையில் இருந்த அதிகாரி திரும்பிப் பார்த்தார். "கலர் உங்களுக்காகத்தான் டாக்டர் கேட்கிறோம்னு நினைச்சேன்."

உண்மையான வேலை அந்த வாக்கியத்தில்தான் தொடங்கியது. மறுநாள் எல்லாக் கேள்விகளையும் கேள்விக்கொரு துண்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு தாளின் முன்னாலும் நின்று மூன்றே கேள்விகள். இதன் பதிலை யார் படிக்கிறார்கள்? பதில் மாறினால் அவர் என்ன செய்வார்? இதைக் கேட்கச் சொல்லி விதியில் எந்த வரி இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு அதிகாரி விதிப் புத்தகத்தையே கொண்டுவந்து சத்தமாகப் படித்தார். அவருக்கே வியப்பு. ஏறக்குறைய பாதிக் கேள்விகளுக்கு விதியில் வரியே இல்லை. எப்போதோ ஒருவர் 'இதையும் கேட்டு வைப்போம்' என்று சேர்த்தது, அடுத்து வந்தவர் விதி என்று நம்பியது. இப்படிப்பட்ட குழுவில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூல விதியை அறைக்குக் கொண்டுவாருங்கள். விதியின் சுருக்கம், சுற்றறிக்கை, 'எங்க மேலதிகாரி சொன்னாரு' எல்லாம் வேண்டாம். மூல வாக்கியம் வேண்டும், அதைப் படித்துப் பொருள் சொல்லும் உரிமை உள்ளவரும் அதே அறையில் வேண்டும்.

நிறம் பற்றிய கேள்வியைத் தூக்கிவிடுவதென்று முடிவாகியிருந்தது. அதற்குப் 14 தேர்வுகள் வைத்திருந்தார்கள், 'செம்பழுப்பு' ஒன்று, 'பழுப்புச் சிவப்பு' இன்னொன்று. வில்லை வருவதற்கு முன் மாட்டை அடையாளம் காண நிறம், கொம்பு, சுழி இவைதான் வழி. வில்லை வந்த பிறகும் கேள்வி போகவில்லை, அவ்வளவுதான். நான் தாளைக் கிழிக்கப் போனேன். களப்பணியாளர் கையைப் பிடித்தார். "வில்லை விழுந்துட்டா?" வேலியில் மாட்டி விழும், காது கிழிந்து விழும். நான்கு மாட்டில் இரண்டுக்கு வில்லை விழுந்தால் எது எதுவென்று எப்படிச் சொல்வது? மருத்துவருக்கு வேண்டாத விவரம், களப்பணியாளருக்கு வேண்டும். கடைசியில் 14 தேர்வுகளையும் எடுத்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் என்று வைத்தோம். மேலே சொன்ன பட்டியலில் வருவது அந்தப் படம்தான். எளிமைப்படுத்துவது என்றால் வெட்டுவது என்று நினைத்திருந்த எனக்கு அன்று கை கொஞ்சம் நடுங்கியது.

பிறந்த தேதியில் ஒரு முழு நாள் சண்டை. புள்ளிவிவரக்காரர் பழைய பதிவுகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றாம் தேதியில் பிறந்த கன்றுகள் மலைபோல் குவிந்திருந்தன. அதிலும் ஜனவரி ஒன்றாம் தேதி ஏதோ மாடுகளெல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஈன்ற மாதிரி. தேதி கட்டாயம் என்று திரை சொன்னால், தெரியாதவர் எதையாவது போட்டுவிட்டுத்தான் போவார். கன்று ஈன்றவுடன் பதிபவருக்குத் தேதி தெரியும். ஆறு மாதக் கன்றை வாங்கி வந்தவருக்கு எப்படித் தெரியும்? எனவே 'இன்று, நேற்று, இந்த வாரம், அதற்கு முன்' என்று கேட்டோம். 'அதற்கு முன்' என்றால் மாதம் மட்டும். உள்ளே தேதியோடு கூடவே, அது எவ்வளவு துல்லியம் என்ற குறிப்பும் சேமிக்கப்படும். 'சுமாராகத் தெரியும்' என்ற பதிலை ஏற்றுக்கொள்ள அதிகாரி தயங்குவார் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் புள்ளிவிவரக்காரர் சொல்லிவிட்டார்: "பொய்யான துல்லியத்தை விட இதுதான் சார் எனக்கு உபயோகம்."

சொற்களைப் பற்றி நான் எழுதாவிட்டால் எப்படி. படிவத்தில் 'உங்கள் வளாகங்களின் எண்ணிக்கை' என்று ஒரு கேள்வி. வளாகம் என்றதும் பெரியவர் ஒருவருக்குக் கல்லூரிதான் நினைவுக்கு வந்தது, பேத்தி படிக்கும் இடத்தைச் சொன்னார். 'மாடு கட்டும் இடம்' என்று மாற்றினோம். அதைவிடப் பெரிய சிக்கல் 'இடப்பெயர்வு'. யாரைக் கேட்டாலும் 'நான் எதையும் விக்கலையே' என்றார்கள். மேய்ச்சலுக்கு இரண்டு மாதம் வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டது, இனவிருத்திக்குக் காளையைப் பத்து நாள் இரவல் கொடுத்தது, இவையெல்லாம் அவர்கள் கணக்கில் இடப்பெயர்வே இல்லை. மருத்துவருக்கோ அந்தக் காளைதான் முக்கியம். விற்றது ஒரு கொட்டகைக்குப் போகும், இரவல் காளை மூன்று கொட்டகைக்குப் போய்த் திரும்பி வரும். இனி எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒருவர் ஒன்று நினைப்பார் என்பது புரிந்தது. சொல்லை விட்டுவிட்டுக் கேள்வியாகவே கேட்டோம்: 'உங்கள் மாடு வேறு இடத்தில் ஓர் இரவாவது தங்கியதா? வேறு யாருடைய மாடாவது உங்கள் இடத்தில் தங்கியதா?' அந்த 'ஓர் இரவு' மருத்துவரும் அதிகாரியும் அரை நாள் வாதாடி வந்து சேர்ந்த எல்லை. பகலில் பக்கத்து மாட்டோடு மேய்ந்தாலும் கிருமி ஒட்டும் என்பது மருத்துவர் கட்சி. அதையும் கேட்டால் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள் என்பது அதிகாரி கட்சி. இதில் அதிகாரிதான் சரி என்று நான் இன்றும் நினைக்கிறேன். மருத்துவர் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு தவறு செய்தேன். இறந்தது, தொலைந்தது, இறைச்சிக்குப் போனது என்று மூன்று தனித்தனிப் படிவங்கள் இருந்தன. வளர்ப்பவருக்கு மூன்றிலும் நடந்தது ஒன்றுதானே, மாடு இப்போது இல்லை. 'இந்த மாடு இப்போது என்னிடம் இல்லை' என்று ஒரே பொத்தானாக்கினேன். எல்லாரும் பாராட்டினார்கள். மருத்துவர் அன்றைக்கு விடுப்பு. மறுநாள் வந்து பார்த்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "தொலைஞ்ச மாடு எங்கேயோ ஒரு மந்தையில நின்னுக்கிட்டிருக்கு சார். செத்த மாடு நிக்கல. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" அப்புறம் இறப்பைப் பற்றி அவர் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. நன்றாக இருந்த மாடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம், அதாவது ஆந்த்ராக்ஸ். அந்த உடலை அறுக்கக் கூடாது. அறுத்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்துகளாக மாறி, பல பத்தாண்டுகள் அந்த மண்ணிலேயே கிடக்கும். மனிதருக்கும் தொற்றும். பழைய படிவத்தில் 'இறப்பின் காரணம்' என்று நாற்பது நோய்களின் பட்டியல் இருந்தது, எல்லாரும் 'மற்றவை' என்பதைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் அந்தக் கேள்வியையும் சேர்த்துத் தூக்கியிருந்தேன்.

பட்டியல் திரும்ப வரவில்லை. அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் வந்தன. திடீரென்று செத்ததா? ரத்தம் கசிந்ததா? ஆமாம் என்றால் படிவம் அங்கேயே நின்றுவிடும். திரையில் இரண்டு வரிதான் இருக்கும்: உடலைத் தொடாதீர்கள், அறுக்காதீர்கள். கீழே மருத்துவரை அழைக்கும் பொத்தான். படிவத்தை முடிக்க வைப்பதுதான் எங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நிறுத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

சோதனை ஓட்டத்தில் இன்னொரு வேடிக்கை. 60 மாடு வைத்திருக்கும் ஒருவரைக் கணினி பெரிய பண்ணையாளர் என்று குறித்து, கூடுதல் அறிக்கை கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பியது. யாரென்று பார்த்தால் எங்கள் களப்பணியாளர். கைப்பேசி இல்லாதவர்களுக்கெல்லாம் தன் எண்ணையே போட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு எண் இருக்கும், எண்ணுக்கு ஒரு ஆள் இருப்பார் என்ற நம்பிக்கையில் மென்பொருள் கட்டப்பட்டிருந்தது. கைப்பேசி இருப்பவர்கள் வீட்டிலும் எண் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது. தடுப்பூசி நாள் பற்றிய செய்தி அவனுக்குப் போகும், மாட்டோடு நிற்பது அம்மா. எனவே மாட்டைப் பார்த்துக்கொள்பவர், செய்தி போக வேண்டிய எண், உதவிக்குப் பதிந்தவர் என்று மூன்றையும் பிரித்தோம். கேள்வி இரண்டு கூடியது. அது பரவாயில்லை.

எல்லாம் சரியான பிறகும் சிலர் எண்ணிக்கையைக் குறைத்தே சொன்னார்கள். காரணம் படிவத்தில் இல்லை, பயத்தில் இருந்தது. சொன்னால் உதவி நின்றுவிடுமோ, வரி வருமோ என்று. விவரத்தை எதற்குப் பயன்படுத்துவோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று முதல் திரையில் இரண்டு வரி போட வேண்டும் என்றேன். எழுத எனக்குப் பத்து நிமிடம். அந்த 'மாட்டோம்' என்ற ஒரு சொல்லுக்கு ஒப்புதல் வாங்க அதிகாரிக்கு ஆறு வாரம். அவர் மேலும் கீழும் அலைந்து வாங்கி வந்தார். குழுவிலேயே கடினமான வேலை அவருடையதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்கள் இரண்டு விஷயங்களை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒன்று, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது ஏன் இருக்கிறது, யார் கேட்டார்கள் என்று எழுதி வைப்பது. நாங்கள் தாமதமாகத்தான் தொடங்கினோம், அதனால் எடுத்த முடிவையே மூன்று தடவை எடுத்தோம். இன்னொன்று, திரை செய்வதற்கு முன் காகிதத்தில் கோடு போட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோவது. பளபளப்பான திரையைக் காட்டினால் எல்லாரும் 'நல்லாருக்கு சார்' என்பார்கள். பென்சில் கோட்டைக் காட்டினால்தான் 'இது எதுக்கு?' என்பார்கள். கூடவே, கொட்டகைக்குப் போகும்போது மொழிக்காரரையும் வடிவமைப்பாளரையும் மட்டும் அனுப்பாதீர்கள். கணினிக்காரரும் சட்டம் பார்ப்பவரும் கட்டாயம் வர வேண்டும். நாங்கள் இருவர் மட்டும் போய்வந்து சொன்னால் அவர்களுக்கு அது இன்னொரு அறிக்கை, அவ்வளவுதான்.

இப்போது ஆட்டுக்கு வந்திருக்கிறோம். மாட்டுக்குச் செய்தது எதுவும் அப்படியே பொருந்தவில்லை. ஆடு இரண்டு மூன்று குட்டி போடும், வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் எண்ணால் அறியமாட்டார், மந்தையாகத்தான் நகர்த்துவார். சென்ற வாரம் ஒருவரிடம் 'எத்தனை ஆடு?' என்று கேட்டோம். மந்தையை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் இருக்கு" என்றார். ஒன்றுகூடக் குறையவில்லை என்பது அவருக்கு எண்ணாமலே தெரிகிறது, எத்தனை என்பது தெரியவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் போட முடியுமா என்று மென்பொருள் தம்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.